பைய நடங்க, யாரும் வெரட்டல

"என்ன கேஸ் தோழர்?"

மும்பைக்குப் போகிறேன் என்று சொன்னதும் அமைப்புத் தோழர்கள் கேட்ட முதல் கேள்வி இது. கேஸ் ஒன்றும் இல்லை என்றேன். "அப்போ மாநாடா?" அதுவும் இல்லை. "யாருக்கும் உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரியா?" இல்லை. மகளும் நானும் நாலு நாள் ஊர் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. நம்ப முடியாத சிரிப்பு.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அது புதிது. எனக்கு 54 வயது. முப்பது வருடத்துக்கு மேலாகப் பொதுவாழ்வில் இருக்கிறேன். தமிழ்நாட்டில் நான் கால் வைக்காத மாவட்டம் குறைவு. ஆனால் போன ஊர்களை எண்ணிப் பாருங்கள்: கொடியன்குளம், மேலவளவு, 1999 ஜூலை 23-க்குப் பிறகு திருநெல்வேலித் தாமிரபரணிக் கரை, ஒவ்வொரு டிசம்பர் 25-க்கும் கீழ்வெண்மணி. எல்லாமே யாரோ செத்ததால் போன ஊர்கள். சென்னை என்றால் எனக்கு ஆணைய அலுவலகம், நீதிமன்ற வராந்தா, எழும்பூர் ரயில் நிலைய நடைமேடை. இத்தனை முறை போயும் மெரினாவில் கால் நனைத்ததில்லை. போன வேலை முடிந்ததும் அடுத்த ரயில்.

இந்த முறை வேலை எதுவும் இல்லாமல் போனேன். அப்படிப் போனபோது ஒன்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது சுற்றுலாக் கட்டுரை இல்லை.

நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு நேரடி ரயில் இருக்கிறது. ஒன்றரை நாள் பயணம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் "பம்பாய்" என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு அது ஊர் இல்லை, ஒரு தப்பிக்கும் வழி. கடன் முற்றியவன், காதலித்தவன், அடி வாங்கியவன், திருப்பி அடித்தவன் எல்லோரும் ஓடிப் போன இடம். ஓடிப் போகாமல், திரும்பி வரும் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் குடும்பத்தில் பம்பாய் போன முதல் ஆட்கள் நானும் மகளும்தான்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். திட்டம் அவளுடையது. ஒரு நாளைக்கு ஓர் இடம், அதற்கு மேல் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். "பாத்தாச்சி, அடுத்தது" என்று ஓடக் கூடாது. பார்க்காமல் விட்ட இடங்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் நாள் காலை தாதரில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். தாதர் ரயில் நிலையத்தின் கூட்டத்தை நம் ஊர்க் கொடை, தேர் எதனுடனும் ஒப்பிட முடியாது. எல்லோரும் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தில் நானும் ஓடிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்துப் பின்னாலிருந்து மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, பைய நடங்க. யாரும் வெரட்டல."

நின்றுவிட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை என் காலைக் கட்டிப் போட்டது.

நான் வேகமாக நடப்பவன். தோழர்கள் அதைச் சுறுசுறுப்பு என்பார்கள். உண்மை அதுவல்ல. அந்த நடை என் அப்பா சொல்லிக் கொடுத்தது. நாஞ்சில் நாட்டு வயல்களில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் வாழ்ந்தவர் அவர். சந்தைக்கோ பஸ்ஸுக்கோ போக வேண்டுமென்றால் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். "தலைய நிமித்தாத, நிக்காத, எதையும் பாக்காத, வெரசா வா" என்பார். தெருவில் நின்றால் "என்னடே, என்ன வேணும்?" என்று ஒரு குரல் வரும். ஒரு வீட்டைப் பார்த்தால் அது களவு பார்ப்பது. ஒரு பெண் இருக்கும் பக்கம் தலை திரும்பினால் அதற்கு வேறு பெயர். அதனால் நாங்கள் தெருவில் நடப்பதில்லை, தெருவைக் கடப்போம். நாற்பது வருடம் கழித்து, என் பெயரோ ஊரோ தெரியாத மனிதர்கள் நடுவில், அப்பாவின் வேகத்தில் நான் போய்க்கொண்டிருந்தேன். பயம் மனசை விட்டுப் போன பிறகும் காலில் தங்கிவிடும் போலிருக்கிறது.

அன்றிலிருந்து நாலு நாளும் பைய நடக்கப் பழகினேன். சிரிக்காதீர்கள், அது எனக்குப் பயிற்சியாகத்தான் இருந்தது. ஒரு கடை வாசலில் காரணமில்லாமல் நிற்பது. ஒரு பழைய கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பது. 1880-களில் கட்டிய அந்தப் பெரிய ரயில் நிலையத்தின் எதிரே நின்று, அதன் கல் விலங்குகளையும் கோபுரத்தையும் அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. மரீன் டிரைவ் கடற்கரைச் சுவரில் மாலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பணக்காரக் குடும்பம். இந்தப் பக்கம் மூன்று கூலித் தொழிலாளிகள். நடுவில் நாங்கள். எல்லோருக்கும் ஒரே சுவர், ஒரே கடல்.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணின் கதையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன்.

இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் நிலம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதுவரை நம் முன்னோரை விற்கலாம், வாங்கலாம், அடகு வைக்கலாம். அப்படிப்பட்டவனுக்குப் பயணம் என்று ஒன்று உண்டா? அவன் ஊர் மாறினால் அது விற்பனை. விற்காமல் அவனாக மாறினால் அது ஓட்டம்.

அடிமை முறை போன பிறகும் பாதை திறக்கவில்லை. 1893-இல் அய்யன்காளி வெங்ஙானூரில் ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு காளைகளைப் பூட்டி, நல்ல உடை உடுத்தி, தலைப்பாகை கட்டிக்கொண்டு பொதுச் சாலையில் ஓட்டினார். அவ்வளவுதான் அந்தப் போராட்டம். எந்தக் கோரிக்கை மனுவும் கையில் இல்லை. சாலையில் போனார். அதற்கே அடிதடி நடந்தது. பிறகு தோழர்களோடு அவர் நடந்தே போனபோது பாலராமபுரத்தில் பெரும் மோதல் மூண்டது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் இன்றும் பாலராமபுரத்தைத் தாண்டித்தான் போகிறோம். ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே தாண்டுகிறோம்.

1924-இல் வைக்கம். பெரியார் இரண்டு முறை சிறை போன போராட்டம். அது கோயிலுக்குள் நுழையும் போராட்டம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கான போராட்டம். இருபது மாதங்கள் போராடியும் மூன்று பக்கத் தெருக்கள்தான் திறந்தன. 1926-இல் நம் சுசீந்திரத்தில் டாக்டர் எம்.இ. நாயுடு முதலானவர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் தெருவுக்காகத்தான். 1930-இல் மறுபடியும் போராட வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் அந்த வழக்கு ஓய்ந்தது.

கவனியுங்கள். இந்த மண்ணில் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. வில்வண்டியில் போன அய்யன்காளிக்கு அன்று சந்தையில் அவசர வேலை எதுவும் இருந்திருக்காது. வேலைக்காகப் போவதை ஆதிக்க சாதி தடுப்பதில்லை. மூட்டை தூக்கவும், பிணம் தூக்கவும், வயலுக்கும் நாம் போய்த்தான் ஆக வேண்டும். வேலையில்லாமல், நல்ல சட்டை போட்டு, நிதானமாகப் போவதைத்தான் தடுத்தார்கள். இன்றும் அதைத்தான் தடுக்கிறார்கள். நம்பாதவர்கள் சட்டத்தைப் படியுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் குற்றமாகச் சேர்த்திருப்பவற்றைப் பாருங்கள்: பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டவிடாமல் தடுப்பது, செருப்பும் புதுத் துணியும் அணியவிடாமல் தடுப்பது, திருமண ஊர்வலத்தையும் குதிரை ஏறுவதையும் தடுப்பது. இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் இதையெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் சர்னி ரோடு போனோம். ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு தோட்டம் உண்டு. சுற்றுலாக்காரர்கள் தேடிப் போகும் இடமில்லை. நான் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. அண்ணல் அம்பேத்கர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது பள்ளி விட்டதும் இந்தத் தோட்டத்தில் உட்கார்ந்து படிப்பார். கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்ற ஆசிரியரும் அங்கே வருவார். தினமும் படித்துக்கொண்டிருக்கும் பையனைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். பிறகு 1907-இல் அவன் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். 1956-இல் நாகபுரியில் லட்சக்கணக்கானோரோடு அண்ணல் பௌத்தம் ஏற்றாரே, அதன் விதை இங்கே விழுந்தது. ஒரு தாழ்த்தப்பட்ட பையன் யாரும் விரட்டாமல் உட்கார ஒரு பொதுத் தோட்டம் இருந்ததால் விழுந்தது.

இன்னொரு தோட்டமும் உண்டு. 1917-இல் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிய அண்ணல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். கொலம்பியாவிலும் லண்டனிலும் தங்க இடம் கிடைத்தவருக்குப் பரோடாவில் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள், தடிகளோடு வந்த ஒரு கூட்டம் அவரை வெளியேற்றியது. நண்பர்கள் இருவரைக் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இருவரும் கைவிரித்தார்கள். பம்பாய் ரயில் வரும் வரை கமாத்தி பாக் என்ற பொதுத் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இதை அவரே எழுதியிருக்கிறார். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்பது அந்தச் சிறு நூலின் பெயர். அதில் வருபவை பெரும்பாலும் பயணங்கள். ஒன்பது வயதில் அப்பாவைப் பார்க்கப் போன பயணம் முதல் அத்தியாயம். நல்ல சட்டை போட்டிருந்த பிள்ளைகளிடம் அன்பாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகர் என்று தெரிந்ததும் விலகிப் போனார். வண்டிக்காரர் யாரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒத்துக்கொண்டார், அதுவும் பிள்ளைகளே வண்டி ஓட்ட, தான் பக்கத்தில் நடந்து வருவதாக. இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தன் சொந்த நாட்டில் பயணம் போக ஒருவன் விசாவுக்குக் காத்திருக்கிறான் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார் அண்ணல்.

இது நம் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் 1936 முதல் முப்பது வருடம் ஒரு கையேடு வந்தது. விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் தொகுத்தது. கருப்பின மக்கள் காரில் வெளியூர் போனால் எந்த ஊரில் தங்க இடம் கொடுப்பார்கள், எங்கே சாப்பாடு போடுவார்கள், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்ற பட்டியல் அது. மற்றவர்களுக்கு அழகான இடங்களைச் சொல்லும் வழிகாட்டி. அவர்களுக்கு அடி விழாத இடங்களைச் சொல்லும் வழிகாட்டி. நமக்கு அப்படி அச்சடித்த புத்தகம் இல்லை. "அந்தத் தெருவழியா போகாத, இந்தக் கடையில டீ குடிக்காத" என்று அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் நம் வழிகாட்டி.

மூன்றாம் நாள் சைத்யபூமி. 1956 டிசம்பர் 7-இல் அண்ணலின் உடலுக்கு எரியூட்டிய இடம். ஒவ்வொரு டிசம்பர் 6-க்கும் லட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள். நாங்கள் போனது சாதாரண நாள். கூட்டம் இல்லை. சின்ன ஸ்தூபிதான், எளிமையான இடம். பின்னால் கடல். மகாராஷ்டிரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த வயதான தம்பதி தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு மராத்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. "ஜெய்பீம்" என்றார் பெரியவர். "ஜெய்பீம்" என்றோம். பையிலிருந்து வேர்க்கடலை எடுத்து மகள் கையில் கொடுத்தார் அந்த அம்மா. வேறு பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. டிசம்பர் 6-இல் பேருந்து வைத்து வந்திருந்தால் வரிசையில் நின்று, கும்பிட்டு, கோஷம் போட்டுத் திரும்பியிருப்பேன். அதுவும் வேண்டும்தான். ஆனால் அந்த அம்மாவின் வேர்க்கடலை கிடைத்திருக்காது.

அங்கிருந்து தாதர் கிழக்குப் பக்கம் நடந்தே போனோம். இந்து காலனியில் ராஜகிருகம். புத்தகங்களுக்காகவே அண்ணல் கட்டிய வீடு. அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் பரேலில் தொழிலாளர்கள் வாழும் சாலில் சிறிய அறைகளில் குடும்பத்தோடு இருந்தவர் அவர். அந்த ராஜகிருகத்தைக்கூட 2020 ஜூலையில் புகுந்து சேதப்படுத்தினார்கள். செத்து அறுபது வருடம் ஆன பிறகும் அவர் நிம்மதியாக ஒரு வீட்டில் இருக்க விடமாட்டார்கள்.

இதுவரை படித்தவர்கள், இவர் மும்பையைச் சொர்க்கம் என்கிறாரோ என்று நினைக்கலாம். இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாள் தாராவி போனோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்குப் போன நம் மக்கள் சதுப்பு நிலத்தை மேடாக்கி உண்டாக்கிய இடம். தொண்ணூறு அடி ரோட்டில் நடந்தால் தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் நடப்பது போலவே இருக்கும். காலையில் நகரம் முழுக்க இட்லி போவது அங்கிருந்துதான். இன்று அந்த இடத்தைப் புதிதாகக் கட்டும் திட்டம் அதானி குழுமத்தின் கையில். 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் வீடு இருந்ததற்குக் காகிதம் காட்டுகிறவருக்குத்தான் அங்கேயே இலவச வீடு என்கிறார்கள். மற்றவர்கள் எங்கே போவார்கள்? சதுப்பு நிலமாக இருந்தபோது நம்மிடம் யாரும் காகிதம் கேட்கவில்லை.

அங்கே ஒரு டீக்கடையில் எங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் திரும்பினார். "நாரோயிலா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம். "நாரோயில்ல எங்க?" சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்? கோயிலுக்கு மேக்கயா, கெழக்கயா?" சொன்னேன். சிரிப்பு போகவில்லை, ஆனால் அளவு குறைந்தது. "சரி, பாப்போம்" என்று எழுந்து போனார். ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் நகரத்தில் நாலு நாள் சுற்றினேன். என் சாதியைத் தேடிக் கண்டுபிடித்தவர் என் மாவட்டத்துக்காரர். இரண்டாயிரம் கிலோமீட்டர் அந்தத் திசைகாட்டியை அவர் சுமந்து வந்திருக்கிறார்.

வாடகைக்கு வீடு தேடினால் இந்த நகரத்தின் வேறு முகம் தெரியும் என்று அங்குள்ள தோழர்கள் சொன்னார்கள். குடும்பப் பெயரைக் கேட்பார்கள், சமையலில் என்ன என்று கேட்பார்கள், பிறகு வீடு இல்லை என்பார்கள். தெருவில் கிடைக்கும் விடுதலை வீட்டு வாசலில் முடிந்துவிடுகிறது. விடியும் முன்னால் நாங்கள் பார்த்த துப்புரவுத் தொழிலாளர்களில் ஒருவர் என் சட்டையில் இருந்த நீல பேட்ஜைப் பார்த்துத் துடைப்பத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு "ஜெய்பீம்" என்றார். நான் பைய நடந்து ரசித்த தெருவை அவர்தான் கூட்டியிருந்தார். இதை மறந்துவிட்டு நகரத்தைப் புகழ்ந்தால் அது பொய்.

இன்னொன்றை மகள் சொன்னாள். மரீன் டிரைவில் உட்கார்ந்திருந்தபோது, "நான் தனியா வந்திருந்தா இப்பிடி ராத்திரி ஒம்பது மணி வர இருக்க முடியுமாப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. 'ஒய் லாய்ட்டர்?' என்று ஒரு நூல், மும்பையைப் பற்றி மூன்று பெண்கள் சேர்ந்து எழுதி 2011-இல் வந்தது. பெண்கள் வேலை, படிப்பு, கடை என்று ஏதாவது காரணம் காட்டினால்தான் பொது இடத்தில் இருக்க முடிகிறது, காரணமில்லாமல் சும்மா நிற்பதும் உரிமைதான் என்று அந்த நூல் வாதாடுகிறது. எனக்கு அது நம் கதையாகவே தெரிந்தது. தலித் ஆணுக்குச் சாதி கேட்கும் கேள்வியைப் பெண்ணுக்கு ஊரே கேட்கிறது. தலித் பெண்ணிடம் இரண்டு பேரும் கேட்கிறார்கள்.

நம் மாநிலத்தில் 2021 முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. "ஓசி பஸ் விட்டதும் சும்மா ஊர் சுத்துறாளுவ" என்று வாய் பேசுகிறவர்களைப் பார்க்கிறோம். சுற்றட்டும். வயலில் குனிந்தே கிடந்த ஒரு பாட்டி ஒரு மத்தியானம் பஸ் ஏறிக் கன்னியாகுமரி போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் யாருக்கு என்ன நட்டம்? அந்தத் திட்டத்தின் ஆகப் பெரிய சாதனை அதுதான் என்பேன்.

தோழர் ஒருவர் கோபப்பட்டார். "பஞ்சமி நிலம் மீட்கல. மயானத்துக்குப் பாதை இல்ல. நீங்க ஊர் சுத்துறத உரிமைன்னு எழுதப் போறீங்களா? இது நடுத்தர வர்க்க ஆடம்பரம்" என்றார். அவர் கோபம் நியாயமானது. இரண்டு பேர் நாலு நாள் போய்வர ஆன செலவு ஒரு கூலித் தொழிலாளிக்குச் சின்னக் காசு இல்லை. எனக்கும் இரண்டு வருடச் சேமிப்பு அது. ஆனாலும் அவருக்கு என் பதில் இது: ஓய்வு ஆடம்பரம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நிலம் கேட்பது அந்த நிலத்தில் சாகும் வரை வேலை செய்வதற்கு மட்டுமா? நம்மைப் பற்றி ஊரில் இரண்டே படங்கள்தான் இருக்கின்றன. ஒன்று, வேலை செய்யும் உடம்பு. இன்னொன்று, அடி வாங்கிய உடம்பு. நாமும் நம் சுவரொட்டிகளில் அந்த இரண்டைத்தான் திரும்பத் திரும்ப அச்சடிக்கிறோம். நிம்மதியாக உட்கார்ந்து கடல் பார்க்கும் உடம்பு என்று மூன்றாவது படம் நமக்கு வேண்டாமா?

பயணம் ஆளை மாற்றும். அதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மயிலாடியிலிருந்து மகாராசன் என்ற ஒரு சாம்பவர் சிதம்பரத்துக்குப் பயணம் புறப்பட்டார். அங்கே கண்டதில் மனம் நிறையாமல் தஞ்சாவூருக்குப் போனார். வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அவர் அழைப்பின் பேரில் 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன. எழுத்து தெரியாதே என்று விதிக்கப்பட்டவர்கள் படித்தார்கள். மதத்தை எப்படி வேண்டுமானாலும் மதிப்பிடுங்கள். ஆனால் தென் திருவிதாங்கூரின் கல்விக் கதை, ஒரு சாம்பவர் ஊரைவிட்டு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்ததில் தொடங்குகிறது. போனவன் போன ஆளாகவே திரும்ப மாட்டான் என்பது ஆதிக்க சாதிக்குத் தெரியும். பாதையை அடைத்ததும் அதனால்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். உலகமே நிதானமாக ஊர் பார்க்க வரும் மாவட்டம் நம்முடையது. 133 அடி வள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். அந்தக் கூட்டத்தில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். குப்பை அள்ளுகிறார்கள், லாட்ஜில் படுக்கை விரிக்கிறார்கள், பாசிமணி விற்கிறார்கள். படகுக்கு டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்பவர்களாக எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? இருபது கிலோமீட்டரில் இருக்கும் நம் குடியிருப்புகளில் வள்ளுவர் சிலையைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள்.

ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய நகரத்துக்கு மூன்று நாள் அழைத்துப் போக வேண்டும் என்று அரசைக் கேட்போம். போட்டித் தேர்வு, கண்காட்சி, அணிவகுப்பு எதுவும் வேண்டாம். பிள்ளைகள் நடக்கட்டும், பார்க்கட்டும், ஐஸ் வாங்கித் தின்னட்டும். துணைத் திட்ட நிதியைச் செலவழிக்காமல் திருப்பி அனுப்புவதை விட இது நல்ல செலவு. நம் அமைப்புகளும் செய்யலாம். வருடத்தில் பத்துப் போராட்டத்துக்கு வேன் பிடிக்கிறோம். பதினொன்றாவது வேன் சும்மா போகட்டும். மனைவி, பிள்ளைகள், வயதான தாயார் எல்லோரும் அதில் ஏறட்டும்.

திரும்பி வந்த மறுநாள் காலை பால் வாங்கப் போனேன். அதே ஊர்த்தெரு. பழக்கத்தில் கால் வேகம் பிடித்தது. ஞாபகம் வந்து வேகத்தைக் குறைத்தேன். நடுத்தெருவில், அப்பா ஒரு நாளும் நிற்காத இடத்தில், ஒரு நிமிடம் நின்றேன். ஒரு திண்ணையிலிருந்து ஒருவர் பார்த்தார். "என்ன, என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்" என்றேன். "சும்மா நிக்கேன்."

ஜெய்பீம்.